மாத்திரை வீட்டுக்கு வந்தால் கண்காணிப்பும் வீட்டுக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு மஜ்ஜை நோய்களுக்கு ஊசிக்குப் பதிலாக மாத்திரை வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், நோயாளிகளின் பிள்ளைகள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு ரத்தநோய்ப் பிரிவுக்கு வருகிறார்கள். மாதம் ஏழு நாள் ஊசிக்காக எழுபத்தைந்து வயது அப்பாவைப் பேருந்தில் அழைத்து வருகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தச் செய்திகளில் ஒரு விஷயம் தொடர்ந்து விடுபடுகிறது. ஊசி போட்ட நாட்களில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரும் பார்த்துக்கொண்ட வேலை, மாத்திரை என்றதும் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. புதிய மாத்திரைகளைச் சோதிக்கிறவர்கள் மருந்தை மட்டும் சோதித்தால் போதாது. அதை விழுங்கப்போகிற முதியவரின் வீட்டில் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பேசப்படும் நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, எம்.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். மஜ்ஜை வேலை செய்யும். ஆனால் அது உருவாக்கும் அணுக்கள் ஒழுங்காக முதிராமல் உள்ளேயே மடிந்துவிடும். ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு மூன்றும் குறையலாம். சிலருக்கு இது கடும் ரத்தப் புற்றுநோயாக மாறும். மற்றொன்று மயலோபைப்ரோசிஸ். மஜ்ஜை நாராக இறுகி, அதன் வேலையை மண்ணீரல் ஏற்க முயன்று, இடப்பக்க விலாவுக்குக் கீழே பெரிதாக வீங்கிவிடும். இரண்டுமே பெரும்பாலும் அறுபத்தைந்து, எழுபது வயதுக்குப் பிறகு வருபவை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால்தான் முழுக் குணம் கிடைக்கும் என்றாலும், அந்த வயதில் அதைத் தாங்கக்கூடியவர்கள் சிலரே. அதனால்தான் மாத்திரைகள்மேல் இவ்வளவு எதிர்பார்ப்பு.

எம்.டி.எஸ். நோய்க்கான டெசிடபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றுவது வழக்கம். இதை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி வீண்; குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிடிடின் டீஅமினேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுக்கும் செடாசூரிடின் என்ற மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்தார்கள்: டெசிடபின் 35 மில்லிகிராம், செடாசூரிடின் 100 மில்லிகிராம். இதைச் சோதித்த விதம் அழகானது. 133 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதல் மாதம் மாத்திரை, அடுத்த மாதம் ஊசி. மறு பிரிவுக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. ஐந்து நாளில் ரத்தத்தில் மருந்து மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தபோது, ஊசியில் கிடைத்த அளவில் சுமார் 99 சதவீதம் மாத்திரையிலும் கிடைத்தது. 2020 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

இந்த ஆய்வு மருந்து ரத்தத்தில் சேர்வதைத்தான் நிரூபித்தது. அதன் அர்த்தத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: ஊசி எவ்வளவு தீவிரமாக மஜ்ஜையை அடக்குமோ, மாத்திரையும் அவ்வளவு அடக்கும். 'மாத்திரைதானே' என்று லேசாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. இன்னொன்று, ஊசியில் உடலின் பரப்பளவுக்கு ஏற்ப அளவு மாறும். ஒரு சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு. மாத்திரையில் எல்லோருக்கும் ஒரே 35 மில்லிகிராம்தான். 45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு ஊசியில் ஏறத்தாழ 27 மில்லிகிராம்தான் போயிருக்கும். நம் ஊரில் இந்த எடையில் நிறைய பேர் இருக்கிறார்கள். முதல் இரண்டு சுற்றுகளில் (28 நாள் ஒரு சுற்று) அவர்களுடைய ரத்த எண்ணிக்கையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வீட்டில் நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது, மாத்திரையை மறப்பது அல்ல, நிறுத்தாமல் இருப்பது. இந்த மாத்திரை 28 நாள் சுற்றில் முதல் ஐந்து நாள் மட்டும். மீதி 23 நாள் மஜ்ஜை தேறுவதற்கான இடைவெளி. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வருடக்கணக்கில் தினமும் மாத்திரை போட்டுப் பழகிய ஒருவர், இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்கிவிடுவதும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு சுற்றுக்கான மாத்திரை மட்டுமே கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றுக்கு முன் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அட்டை. காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எண்ண வேண்டும். ஆய்வில் இவை எல்லாம் நடக்கும். ஆய்வு முடிந்து மருந்து சந்தைக்கு வந்த பிறகு பல இடங்களில் நடப்பதில்லை.

மற்ற விவரங்களையும் சொல்லிவிடுகிறோம். விழுங்குவதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. போட்டவுடன் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடக் கூடாது. அடுத்த நாள் வழக்கம்போலத் தொடரலாம். வழக்கமான நேரம் தவறி 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு, ஐந்து மாத்திரைக் கணக்கு முடிய ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாராந்திர மாத்திரைப் பெட்டியில் மற்ற மாத்திரைகளோடு கலந்து போடக் கூடாது. பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவர் கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரையைத் தொடுகிற வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். இதை யாரும் கேட்டுச் சொல்வதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பலன் உடனே தெரியாது. முதல் இரண்டு சுற்றில் எண்ணிக்கை இன்னும் கீழே போகும், ரத்தம் ஏற்றுவதுகூட அதிகமாகலாம். மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல நான்கு முதல் ஆறு சுற்று தேவை. 'மருந்து ஆரம்பித்த பிறகுதான் அம்மா மோசமானார்' என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுகிற குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த முதல் இரண்டு மாதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு மாத்திரையே சாட்சி. அசாசிடிடின் என்ற மருந்தின் மாத்திரை வடிவம், கடும் ரத்தப் புற்றுநோயில் கீமோ முடித்து நோய் அடங்கிய, 55 வயதைத் தாண்டிய 472 பேரிடம் சோதிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 14.8 மாதம்; மருந்து போட்டவர்களில் 24.7 மாதம். இது பெரிய வெற்றி. அதே மாத்திரையை, ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த, தட்டணுவும் குறைந்திருந்த எம்.டி.எஸ். நோயாளிகள் 216 பேரிடம் சோதித்தபோது, ரத்தம் ஏற்றாமல் இருக்க முடிந்தவர்கள் 31 சதவீதம். வெற்று மாத்திரையில் 11 சதவீதம். இதுவரை நல்ல செய்திதான். ஆனால் முதல் 56 நாட்களுக்குள் மருந்துப் பிரிவில் 16 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரைப் பிரிவில் 6 பேர். பெரும்பாலும் தொற்று. இறந்தவர்களில் பலருக்கு ஆரம்பத்திலேயே நியூட்ரோபில் என்ற வெள்ளையணு மிகக் குறைவாக இருந்தது. ஒரே மருந்து, ஒரு நோயாளிக் கூட்டத்துக்கு ஆயுளைக் கூட்டியது, இன்னொரு கூட்டத்தில் முதல் எட்டு வாரத்திலேயே உயிரைப் பறித்தது. இந்த மருந்தின் ஊசியையும் மாத்திரையையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்றும் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டின் அளவும் அட்டவணையும் வேறு.

எனவே காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் மாத்திரையைக் கையில் கொடுக்கவே கூடாது. நியூட்ரோபில் எண்ணிக்கை 500க்குக் கீழே இருக்கும்போது 100.4 பாரன்ஹீட் என்பது அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். நடப்பது வேறு. வீட்டில் பாராசிட்டமால் போட்டு இறக்கிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். முதியவர்களில் சிலருக்குத் தொற்று முற்றினாலும் காய்ச்சலே வராது. திடீர்க் குழப்பம், நடுக்கம், சாப்பாட்டை ஒதுக்குவது, எழுந்து நடக்க முடியாமல் போவது, இவையே அவர்களுக்குக் காய்ச்சலுக்குச் சமம். ஒரு வெப்பமானி, 24 மணி நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய மருத்துவமனை எது என்ற முடிவு, அந்த மருத்துவமனை அவசரப் பிரிவில் காட்ட ஓர் அட்டை. இந்த நான்கும் மருந்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

மயலோபைப்ரோசிஸ் மாத்திரைகளின் வரலாறு இன்னும் பாடம் நிறைந்தது. 2011 நவம்பரில் முதலில் வந்தது ரக்ஸோலிடினிப். 309 பேரிடம் நடந்த ஆய்வில், 24 வாரத்தில் மண்ணீரலின் கொள்ளளவு 35 சதவீதமாவது குறைந்தவர்கள் 41.9 சதவீதம், வெற்று மாத்திரையில் 0.7 சதவீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் அரிது. ஆனால் முதல் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கும், பிறகு ஓரளவு நிலைபெறும். தொடக்க அளவு தட்டணுவைப் பொறுத்தது: இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் 20 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு லட்சம் என்றால் 15, ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் என்றால் 5, எல்லாமே நாளுக்கு இரு வேளை. உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடக்கூடும். நம் நாட்டில் இதைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. அக்கியும் வரலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் பழைய தொல்லைகள் எல்லாம் திரும்பும், சிலருக்கு மிகக் கடுமையாக. சளி, இருமலுக்குப் பக்கத்து கிளினிக்கில் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக், ரத்தத்தில் இதன் அளவை ஏற்றிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் திட்டுவார்களோ என்று மறைக்கிறார்கள். மருந்தாய்வுக் குழுவினர் அதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டுப் பதிவுசெய்யப் பழக வேண்டும்.

அடுத்து வந்த பெட்ராடினிப் என்ற மாத்திரை 2013 நவம்பரில் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம். தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைவால் வருவது. பிறகு எல்லாப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்ததில், 608 பேரில் 8 பேருக்குக் கடும் மூளைப் பாதிப்பு இருந்தது. அவர்களில் ஏழு பேர் நாளுக்கு 500 மில்லிகிராம் எடுத்தவர்கள். தடை நீங்கி, 400 மில்லிகிராம் அளவில் 2019 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. தொடங்குமுன் தயமின் அளவைப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மண்ணீரல் வயிற்றை அமுக்குவதால் நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும் முதியவர். அவர் சாப்பிடுவதும் தீட்டிய அரிசிச் சோறும் ரசமும். அதன்மேல் மருந்தால் வாந்தி. இப்படிப்பட்ட ஒருவரின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஆய்வில் கேட்பது மருத்துவக் கேள்விதான்.

தட்டணு ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனவர்களுக்கான பேக்ரிடினிப் மாத்திரையும் 2016 தொடக்கத்தில் ரத்தக்கசிவு, இதயப் பாதிப்பு பற்றிய அச்சத்தால் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் மூன்று அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது போதும் என்று கண்டுபிடிக்க ஒரு தனி ஆய்வு நடந்தது. 2022 பிப்ரவரியில் அனுமதி. அளவைக் கண்டுபிடிக்கும் வேலையை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதே எங்கள் கருத்து. பழைய கீமோ மருந்துகளுக்கான முறைப்படி, மூன்று மூன்று பேராக அளவைக் கூட்டிக்கொண்டே போய், முதல் 28 நாளில் தாங்க முடியாத பாதிப்பு எப்போது வருகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவார்கள். வருடக்கணக்கில் தினமும் போடவேண்டிய மாத்திரைக்கு இது பொருந்தாது. மூன்றாம் மாதம் வரும் சோர்வு, ஐந்தாம் மாதம் வரும் வயிற்றுப்போக்கு, இவைதான் முதியவரை மருந்தைக் கைவிடச் செய்பவை. அவை அந்த 28 நாளுக்குள் தெரியவே தெரியாது.

பலனை அளப்பதிலும் சறுக்கல் உண்டு. எம்.டி.எஸ். ஆய்வுகளில் வழக்கமான அளவுகோல், தொடர்ந்து எட்டு வாரம் ரத்தம் ஏற்றாமல் இருந்தாரா என்பது. ரோக்ஸாடுஸ்டாட் என்ற மாத்திரையின் மூன்றாம் கட்ட ஆய்வில் 47.5 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள். ஆனால் வெற்று மாத்திரையிலும் 33.3 சதவீதம் பேர் இருந்தார்கள். ஆய்வு தோற்றது. எட்டு வாரத்தில் ஒன்றிரண்டு பை ரத்தம் மட்டுமே தேவைப்படுகிறவர்களையும் சேர்த்தால், நோயின் இயல்பான ஏற்ற இறக்கமே மருந்தின் பலன்போலத் தோன்றும். ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கினால் ரத்தம் ஏற்றுவது என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதய நோய் உள்ளவருக்கு ஒரு மருத்துவர் 8இல் ஏற்றுவார், இன்னொருவர் 7 வரை காத்திருப்பார், ஊரில் ரத்தம் கிடைக்காத வாரம் யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். இந்த வித்தியாசங்கள் எல்லாம் கணக்கில் மருந்தின் பெயரில் ஏறிவிடும். அறிகுறிக் குறிப்பேடும் அப்படித்தான். தினமும் மாலையில் நோயாளியே வியர்வை, அரிப்பு, எலும்பு வலி, விலாவுக்குக் கீழ் வலி ஆகியவற்றுக்கு 0 முதல் 10 வரை எண் போட வேண்டும். ஏழு நாள் குறிப்பையும் மருத்துவமனைக்கு வரும் வழியில் மகன் உட்கார்ந்து நிரப்பினால், அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

யாரை ஆய்வில் சேர்க்கிறோம் என்பது இன்னொரு சிக்கல். இவை முதியோர் நோய்கள். ஆனால் சிறுநீரகம், இதயம், நடமாட்டம் எல்லாம் நன்றாக இருக்கும் முதியவர்களே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறார்கள். 78 வயது, 45 கிலோ, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.2 உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் அந்த எண் கிட்டத்தட்ட இயல்பாகத் தெரியும். வயது, எடை, பால் சேர்த்துக் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்குச் சுமார் 27 மில்லிலிட்டர்தான். அவரைச் சேர்க்காமல் விட்டால், நாளை அந்த மருந்தை அவருக்கு எழுதும் மருத்துவரிடம் வழிகாட்டும் தகவல் எதுவும் இருக்காது. கிரியேட்டினினை மட்டும் பார்த்து முழு அளவில் சேர்த்தால் அவருக்கே ஆபத்து. குறைந்த அளவில், அடிக்கடி ரத்தம் பார்த்து, அவரைப் போன்றவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைப்பதுதான் வழி. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார எத்தனை நொடி, எத்தனை வகை மாத்திரை சாப்பிடுகிறார், தானே மாத்திரையை எடுத்துப் போட முடிகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற முதியோர் மதிப்பீட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

இந்தியாவில் இந்த ஆய்வுகளை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். கடும் பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: எட்டு லட்சம் அடிப்படை, அதை வயதுக் காரணியாலும் நோய் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் வயதுக் காரணியும் அதே 99.37, அட்டவணையிலேயே மிகக் குறைந்தது. நோயாளி ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று கணித்தால் ஆபத்துக் காரணி 0.5; அதாவது நான்கு லட்சம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு என்று கணித்தால் 1, எட்டு லட்சம். வயதானவரின் உயிருக்கு இப்படி விலை குறைவதை மாற்ற வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். அது மாறும்வரை, இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்பே குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். மாற்று மருந்து இல்லாத நிலையில், ஆய்வாளர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் நிறுவனம் இலவசமாகத் தர விதியில் இடமுண்டு. பதிலுக்கு, அந்தக் காலத்தில் வரும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ரக்ஸோலிடினிப் போல் திடீரென நிறுத்த முடியாத மருந்து என்றால் இந்தக் கேள்வி உயிர்நாடி.

2024 ஆகஸ்டில், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் அனுமதி பெற்ற சில வகை மருந்துகளுக்கு இந்தியாவில் தனி ஆய்வு தேவையில்லை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விலக்கு அளித்தது. அரிய நோய் மருந்துகளும் அதில் அடக்கம். மருந்து சீக்கிரம் வருவது நல்லதே. ஆனால் அப்படி வரும் மஜ்ஜை நோய் மாத்திரைகளுக்கு, விற்பனைக்குப் பிந்தைய நான்காம் கட்ட ஆய்வில் எழுபது வயதைத் தாண்டியவர்களைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும். முதல் எட்டு வாரம் ரத்த எண்ணிக்கையை நோயாளியின் ஊரிலேயே பார்க்க ஏற்பாடு, அதற்கான செலவு நிறுவனத்துடையது. சுற்றின் ஆறாவது நாள் 'மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா' என்று கேட்க ஒரு செவிலியரின் அழைப்பு. காய்ச்சல் வந்தபோது எத்தனை மணி நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கிடைத்தது என்ற பதிவு. இந்த மூன்றும் அந்த நிபந்தனையில் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரத்தநோய் மருந்தாய்வுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்
சென்னை